பல் எடுத்த அன்றே பல்செட்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டிற்குப் பிறகு

பல்லைப் பிடுங்கிய அதே நாற்காலியில், வாய் மரத்திருக்கும்போதே முன்கூட்டிச் செய்துவைத்த பல்செட்டைப் பொருத்தி அனுப்பும் முறையை உடனடிப் பல்செட் என்கிறார்கள். மேல்தாடைக்கு முழுச் செட்டும் கீழ்த்தாடைக்குப் பகுதிச் செட்டுமாக அதை நான் பொருத்திக்கொண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதைப் பற்றிப் பல் மருந்தகங்களில் தரப்படும் கையேடுகள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இந்தச் செட்டின் உண்மையான குணம் இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் தெரியவருகிறது. பொருத்திய அன்று கச்சிதமாக இருப்பது, ஈறும் எலும்பும் ஆற ஆறத் தளர்ந்துகொண்டே போகும். அது செய்தவரின் குறையன்று, இம்முறையின் இயல்பு. இதைத் தெரிந்துகொண்டு பொருத்திக்கொள்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஒருமுறை போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பவருக்குப் பெரிய ஏமாற்றம்.

என் பற்கள் போனதற்குச் சொத்தை காரணமன்று. சிங்கப்பூரில் குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்கத் தொடங்கியது 1956இல்; நான் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த, 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவள். ஃபுளூரைடு சொத்தையைத் தடுக்குமே தவிர ஈறு நோயைத் தடுக்காது. நீரிழிவு இருப்பவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றும் என்பதும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம் என்பதும் பல் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேல்பற்கள் எல்லாம் ஆடத் தொடங்கிய நிலையில், அனைத்தையும் எடுத்துவிட்டு ஈறு ஆறும்வரை சில மாதங்கள் பொக்கை வாயோடு காத்திருப்பதா, உடனடிச் செட் போட்டுக்கொள்வதா என்ற கேள்வி எழுந்தது. ஈசூனில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியைக்கு உச்சரிப்பு போனால் தொழிலே போனதுபோல. எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

ஒரே நாளில் எல்லாப் பல்லையும் எடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். என் டாக்டர் முதலில் கடைவாய்ப் பற்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த ஈறு ஆறுவதற்கு 6 முதல் 8 வாரம் விட்டுவைத்தார். பின்பகுதி ஆறிக் கெட்டிப்பட்ட பிறகு அச்சு எடுத்தால், செட் உட்காருவதற்கு ஓரளவு நிலையான இடம் கிடைக்கிறது. அதுவரை முன்பற்கள் இருப்பதால் வெளியே தெரிவதில்லை. பிறகு புதினா மணமுள்ள அல்ஜினேட் குழைவை வாயில் வைத்து அச்செடுத்து, மெழுகைக் கடிக்கச் சொல்லி இரண்டு தாடைகளும் சேரும் அளவைப் பதிந்துகொண்டார்கள். அந்த அச்சிலிருந்து வார்த்த சுண்ண மாதிரியில் மிச்சமிருக்கும் முன்பற்களைத் தொழில்நுட்பர் அறுத்தெடுத்துவிட்டு, பல் போன பிறகு ஈறு எந்த வடிவத்தில் இருக்கும் என்பதை மதிப்பிட்டு மாதிரியைச் செதுக்குகிறார். அதாவது, இன்னும் இல்லாத ஒரு வாய்க்கு அளவெடுக்கிறார்கள். சாதாரணச் செட்டைப் போல மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்து, கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கட்டம் முன்பற்களுக்கு இங்கே கிடையாது.

இதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். சொந்தப் பற்கள் இன்னும் வாயில் இருப்பதால், அவற்றின் நிறம், அளவு, சாய்வு எல்லாவற்றையும் அப்படியே பார்த்துச் செய்யலாம். என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. அதை மூடிவிடலாமா என்று டாக்டர் கேட்டார்; இருக்கட்டும் என்றேன். நிற அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்துச் சற்று மஞ்சள் கலந்த ஏ3 நிறத்தைத் தேர்ந்தெடுத்தோம். என் மாணவர்களில் எவரும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. எழுபதை நெருங்கும் முகத்தில் இருபது வயதுப் பல் வரிசையைப் பொருத்திக்கொண்டு தேக்காவில் நடமாடும் சிலரைப் பார்க்கும்போது, நிறத்தில் எடுத்த அந்த முடிவு சரி என்றே தோன்றுகிறது.

பல் எடுக்கும் நாளன்று காலை வழக்கம்போல் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். மரத்துப்போகச் செய்யும் ஊசியின் தயவால் எடுப்பதில் வலியில்லை. செட்டைப் பொருத்திக் கடிக்கச் சொன்னபோது, வாய்க்குள் வேறு யாருடைய பொருளோ அடைந்துகொண்டதைப் போன்ற உணர்வுதான் இருந்தது. கிளம்பும்போது தமிழ் தெரிந்த தாதி, “அம்மா, இன்னிக்கு ராத்திரி என்ன ஆனாலும் கழட்டிப் பார்க்காதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார். காரணம் எளிது. முதல் 24 மணி நேரத்தில் அந்தச் செட் காயத்தின் மேல் கட்டுப்போல அழுத்தி, இரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தி உறைகட்டியைக் காக்கிறது. இடையில் கழற்றினால் ஈறு வீங்கிவிடும். மீண்டும் உள்ளே போகாது. அன்று எச்சிலில் இரத்தம் கலந்து வருவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. எச்சிலோடு கலப்பதால் சிறிதளவும் அதிகமாகத் தெரியும். காறித் துப்புவதும், உறிஞ்சுகுழாயில் குடிப்பதும், புகைப்பதும் உறைகட்டியைப் பெயர்த்துவிடும் என்பதால் அவை கூடாது.

மறுநாள் டாக்டர் தாமே கழற்றிக் கழுவிக் காட்டினார். அந்த நேரத்தில் கண்ணாடியில் வாயைப் பார்க்காமலிருப்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து. அன்று முதல் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தேன். வலி முதல் சில நாள் பாரசிட்டமாலுக்கு அடங்கியது. அதன்பிறகு வந்த வலி காயத்தின் வலியன்று. செட்டின் விளிம்பு உறுத்தி உண்டாக்கிய புண்ணின் வலி. இது ஏறக்குறைய அனைவருக்கும் வரும். டாக்டர் செட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பசை ஒன்றைத் தடவி வாயில் அழுத்தி எடுப்பார். பசை விலகி இளஞ்சிவப்பு நிறம் தெரியும் இடம்தான் ஈற்றை அழுத்தும் இடம். அதை மட்டும் சிறு கருவியால் உரசிவிட்டால், அந்த நாற்காலியிலேயே நிம்மதி கிடைத்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புண் வலிக்கிறதே என்று நாள்கணக்கில் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் போனால், சிவந்த தடம் மறைந்திருக்கும், எங்கே உரசுவது என்று அவருக்குத் தெரியாது. போவதற்கு முந்தைய நாளிலிருந்தாவது அணிந்திருக்க வேண்டும். வீட்டில் நகத்தேய்ப்பானால் தாமே உரசுவது அறவே கூடாது.

பேச்சைப் பற்றி மற்றவர்கள் அதிகம் எழுதுவதில்லை. தமிழ் பேசுபவருக்கு அதில் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பேசும்போது எஸ், எஃப் ஆகிய ஒலிகள்தாம் சீறுகின்றன. தமிழில் ‘த’வும் ‘ந’வும் மேல்பல்லின் பின்புறத்தை நாக்கு தொட்டுப் பிறப்பவை, பல்லின் இடம் ஒரு மயிரிழை மாறினாலும் நாக்கு தடுமாறுகிறது. ‘ழ’, ‘ள’, ‘ண’ ஆகியவற்றுக்கு நாக்கு மேலண்ணத்தை நோக்கி வளைய வேண்டும். அங்கேயோ இப்போது ஒரு தட்டு இருக்கிறது. ‘வாழைப்பழம்’ என்று சொன்னால் எச்சில் தெறித்தது. புதிய பொருள் வாய்க்குள் வந்ததும் அதை உணவென்று எண்ணி எச்சில் அதிகமாகச் சுரப்பதும் இதோடு சேர்ந்துகொண்டது. நாளேட்டின் தலையங்கத்தை நாள்தோறும் உரக்க வாசித்துப் பழகினேன். சில வாரங்களில் நாக்கு புதிய தொலைவைக் கற்றுக்கொண்டது. இப்போது ‘ழ’ முன்பைவிடத் தெளிவாக வருகிறது என்று என் மகள் சொல்கிறாள். முன்பு ஆடும் பற்களோடு பேசியதால் அப்படித் தோன்றலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, முழுச் செட் அணிந்தவரின் கடிக்கும் வலிமை சொந்தப் பல் உள்ளவரின் வலிமையில் கால் பங்கு அளவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. முன்னே அழுத்தினால் செட்டின் பின்பகுதி அண்ணத்தைவிட்டுக் கிளம்பிவிடும். எதையும் சிறு துண்டாக்கி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சோறு ஆகியவை முதல் வாரத்திலிருந்தே தோழர்கள். புரோட்டா பல மாதங்களுக்குப் பிறகுதான் கைகூடியது. அதுவும் குழம்பில் நன்றாக ஊறவைத்து. முறுக்கை நான் விட்டுவிட்டேன். ஆனால் கெட்டியான பண்டங்களைவிடத் தொல்லை தருபவை தாளிப்பில் வரும் கடுகும், தக்காளி, மிளகாய் விதைகளும்தாம். செட்டுக்கும் ஈற்றுக்கும் நடுவே ஒரே ஒரு கடுகு புகுந்தாலும் அடுத்த வாய்ச் சோற்றை அழுத்தும்போது உயிர் போகும். இதையும் சொல்ல வேண்டும்: அண்ணத்தைத் தட்டு மூடியிருப்பதால் சூடு தெரியாது. காப்பிக்கடையில் ஆவி பறக்கும் காப்பியை வாயில் ஊற்றினால் தொண்டைக்குப் போன பிறகுதான் சுடும்.

மூன்றாம் மாதத்தை நெருங்கும்போது மேல்செட் பேச்சின் நடுவே ‘டக்’கென்று இறங்கத் தொடங்கியது. பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரைவது முதல் சில மாதங்களில்தான் மிக வேகமாக நடக்கிறது. அதன்பின் வேகம் குறைந்தாலும் வாழ்நாள் முழுவதும் அது நிற்பதில்லை. இந்தக் கட்டத்தில் பலர் செய்வது ஒட்டுப் பசையின் அளவைக் கூட்டுவது. போலிடென்ட் போன்ற பசைகள் நன்றாகப் பொருந்தும் செட்டுக்குக் கூடுதல் பிடிப்புத் தரவே உருவானவை. தளர்ந்த செட்டின் இடைவெளியை நிரப்ப அல்ல. தளர்ந்த செட்டைப் பசையால் நிறுத்திவைத்துக்கொண்டே இருந்தால், அது ஆடி ஆடி ஈற்றைப் புண்ணாக்கி எலும்பு கரைவதை விரைவுபடுத்தும். எனக்கு டாக்டர் முதலில் மென்மையான ஓர் உள்பூச்சை நாற்காலியிலேயே பூசிக்கொடுத்தார். அதில் நுண்துளைகள் இருப்பதால் மணம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. ஈறு ஓரளவு நிலைப்பட்ட பிறகு, புதிதாக அச்செடுத்துக் கெட்டியான அக்ரிலிக்கால் உட்புறத்தை நிரப்பும் ரீலைன் செய்தார்கள். ஓராண்டு கடந்தபின் புதிய செட்டே செய்துகொண்டேன். இம்முறை மெழுகில் வைத்துப் பார்த்துத் திருத்த முடிந்தது. வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. பழையதை மாற்றுச் செட்டாகத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

கீழ்த்தாடையின் கதை வேறு. மேல்செட்டுக்கு அகன்ற அண்ணம் உறிஞ்சு பிடிப்பைத் தருகிறது. கீழ்ச்செட்டுக்கு அது இல்லை, போதாததற்கு நாக்கு எப்போதும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலும், நீண்ட காலத்தில் கீழ்த்தாடை மேட்டின் எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு கரைகிறது. இதனால்தான் ஆடாமல் நின்ற இரண்டு கீழ்க் கோரைப் பற்களை எடுக்க என் டாக்டர் மறுத்துவிட்டார். மிக நீண்ட வேர் உடைய பல் கோரைப்பல்தான். அவற்றில் கம்பிக் கொக்கி மாட்டி என் கீழ்ச்செட் நிற்கிறது. மேல் முழுச் செட்டை உடனடியாகப் போட்டுக்கொள்ள நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். கீழ்முழுச் செட்டை அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு பல்லையாவது காப்பாற்ற முடியுமா, முடியாவிட்டால் பின்னாளில் தாடை எலும்புக்குள் இரண்டு உள்பதியம் (இம்ப்ளாண்ட்) வைத்து அதன்மேல் செட்டைப் பொருத்த எலும்பு இடங்கொடுக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

பராமரிப்பில் பெரிய இரகசியம் இல்லை. முதல் சில நாள் கடந்ததும் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். இரவும் பகலும் அணிந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சை படரும். நீரிழிவு இருப்பவருக்கு அந்த ஆபத்து கூடுதல். பற்பசையில் உள்ள துகள்கள் அக்ரிலிக்கைக் கீறிவிடும் என்பதால் மிதமான சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் போதும். வெந்நீரில் போட்டால் வடிவம் கோணிவிடும். கழுவும் தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு கழுவினால் கை நழுவினாலும் உடையாது.

செலவு விஷயத்தில் ஒரு பேச்சைத் தவிர்க்க முடியாது. முதலில் நான் விசாரித்த ஒரு மருந்தகம் தந்த விலைப்பட்டியலில் ரீலைன் பற்றி ஒரு வரிகூட இல்லை; கேட்டபோது, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் ‘பிறகு’தான் இம்முறையின் சரிபாதிச் செலவு. உடனடிச் செட், மென்பூச்சு, ரீலைன், இறுதிச் செட் ஆகிய நான்கையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அரசின் சாஸ் (CHAS) மருத்துவ உதவித் திட்ட அட்டை, மூத்தோருக்கான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டைகள் உள்ளவர்களுக்குத் திட்டத்தில் சேர்ந்த மருந்தகங்களில் செட்டுக்கும் ரீலைனுக்கும் மானியக் கழிவு உண்டு. ஆனால் அதற்கு வரம்பும் உண்டு. முதல் செட்டுக்கே அதைப் பயன்படுத்திவிட்டால் இறுதிச் செட்டுக்கு எப்போது மீண்டும் கிடைக்கும் என்பதை அச்சு எடுப்பதற்கு முன்பே முகப்பில் கேட்டுவிட வேண்டும். வெளியே அதிகம் போக வேண்டிய தேவையில்லாமல் வீட்டோடு இருப்பவர்கள், ஈறு ஆறும்வரை காத்திருந்து ஒரே செட்டாகச் செய்துகொண்டால் செலவும் அலைச்சலும் குறையும். தினமும் நாலு பேரிடம் பேசிப் பிழைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.