பொலிஷ் பூசிய பலகையை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் குளியலறை நாலடிக்கு ஆறடி. சவர்க்காரம், ஷாம்பு, அம்மாவின் நோ எண்ணெய்ப் போத்தல் எல்லாம் தரையில்தான் கிடக்கும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், குனிய முடியாது. அவருடைய கைக்கு எட்டும் உயரத்தில் மூன்று தட்டு இறாக்கை ஒன்று பூட்டுவோம் என்று போன வருசம் ஜூலையில் நகரத்தில் ஒரு தளபாடக் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

"தேக்குப் பலகை தங்கச்சி, பத்து வருசத்துக்கு ஒண்டும் செய்யாது" என்றார் முதலாளி. விலை 28,000 ரூபாய், முற்பணம் 20,000. பற்றுச்சீட்டு கேட்டேன். "பூட்டி முடிய மிச்சக் காசோட சேர்த்துத் தாறன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். மிச்சம் 8,000 கொடுத்த அன்று சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டது என்றார்.

பூட்டிய அன்று பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கடும் தேக்கு நிறம், மினுங்கும் வார்னிஷ். தூக்கிப் பார்த்தேன், நல்ல பாரம். பாரமாக இருந்தால் நல்ல மரம் என்றே நினைத்திருந்தேன். அது பிழை. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை பாரத்தில் தேக்குக்குக் குறையாது, சிலவேளை கூடவும் இருக்கும்.

காய்ந்த கச்சான் காற்று வீசிய நாட்களில் ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் குளியலறைச் சுவர் காயவே இல்லை. கீழ்த்தட்டின் முன்விளிம்பு தண்ணீரில் ஊறின பாண் மாதிரித் தடித்தது. விரலால் அமத்தினால் உள்ளே போனது. ஓரத்தில் மேல்தாள் கிளம்பியிருந்தது. அப்போதுதான் குந்தியிருந்து உற்றுப் பார்த்தேன். மூன்று தட்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், அதே மரக்கண். அத்தனையும் அச்சடித்த தாள். உண்மையான மரத்தில் இரண்டு பலகை அப்படி ஒத்து வராது.

கார்த்திகையில் ஒரு விடியப்புறம் மேல்தட்டு ஒரு பக்கம் கழன்று விழுந்தது. அம்மா முகம் கழுவிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. கழன்ற ஸ்குரூ ஆணியோடு மாப்போல மண்ணிறத் தூள் கொட்டியது. ஆணியும் சாதாரண இரும்பு. ஈரத்திலும் உப்புக்காற்றிலும் துருவேறி, சுவரில் செம்மஞ்சள் கோடு இறங்கியிருந்தது.

கடைக்குப் போனேன். "நீங்க தண்ணி ஊத்திக் கழுவியிருப்பீங்க" என்றார். குளியலறைக்கு என்று சொல்லித்தானே செய்வித்தேன்! அப்புறம், "தேக்கு கலர் எண்டுதானே சொன்னனான்" என்று பேச்சை மாற்றினார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து முறையிடச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. ஆனால் தேக்கு என்று சொன்னதற்கோ, காசு கொடுத்ததற்கோ என் கையில் ஒரு துண்டு எழுத்து இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் மனம் ஆறுதில்லை.

தயவுசெய்து வார்னிஷ் பூசுமுன் ஒருக்கால் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். அறுத்த முனையைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை முனையிலும் தொடர்ந்தால் அது மரம். ரேகையே இல்லாமல் அழுத்திய தூள் போலத் தெரிந்தால் வாங்காதீர்கள். என்ன பலகை, என்ன ஆணி என்று எழுதி ஒப்பம் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

பிறகு பாலையூற்றில் மரவேலை செய்யும் ஒரு ஓடாவியாரிடம் போனோம். காய்ந்த வேப்பம் பலகையை, சீவாமல் அப்படியே, முதலில் காட்டினார். தட்டுகளை முழுப்பலகையாக விடாமல் சட்டம் சட்டமாக அடித்து, தண்ணீர் வடிய இடையில் விரலளவு வெளி விட்டார். சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியில் பூட்டினார். அறுத்த முனைகளுக்கு மட்டும் மூன்று தரம் வார்னிஷ். "மரம் தண்ணி குடிக்கிறது முனையாலதான் பிள்ளை" என்றார். 17,500 ரூபாய்தான் முடிந்தது. கொப்பித் தாளில் எழுதி ஒப்பமும் வைத்துத் தந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி மினுங்கும் இறாக்கை ஒன்று இருந்தால் இன்றைக்கே கீழ்த்தட்டின் முன்விளிம்பை அமத்திப் பாருங்கள். தடித்திருந்தால் மேல்தட்டில் இருக்கிற பாரத்தை உடனே இறக்கிவிடுங்கள்.