ஸீப்ரா பிளெக்கோ முட்டைகள்: தந்தையிடமே விடலாமா, எடுத்துப் பொரிக்கலாமா?

பிரேசிலின் ஷிங்கு ஆற்றைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத, கருப்பு வெள்ளை வரிபோட்ட சிறு கெளுத்தி மீன் ஸீப்ரா பிளெக்கோ. 1991இல்தான் அதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. இன்று அந்த ஆற்றில் கட்டிய பெலோ மோன்டே அணை அதன் வாழிடத்தின் நீரோட்டத்தையே மாற்றிவிட்டது. ஆற்றில் பிடித்த மீனை ஏற்றுமதி செய்ய பிரேசில் தடை விதித்திருக்கிறது. ஆகவே தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் பெரிது. ஒரு முறைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் 10, 15 முட்டைகள். அவற்றை என்ன செய்வது என்பதில் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சி.

தந்தையிடமே விட்டுவிடுவது முதல் வழி. ஆண் மீன் முட்டைகளைக் காக்கும் தொட்டிக் குகைக்குள் டார்ச் அடித்தால் ஆண் மீனின் வரிபோட்ட வாலும், அதன் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ஆரஞ்சு முட்டைகளும் தெரியும். துடுப்புகளை ஓயாமல் விசிறி, முட்டைகளுக்குப் புது நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 28 முதல் 30 டிகிரி வரை சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால் இந்த விசிறலுக்கு மதிப்பு அதிகம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும். ஆனால் முதன்முதலாகத் தந்தையாகும் மீன் மிரண்டால் முட்டைகளை வெளியே தள்ளிவிடும்.

எடுத்துப் பொரிப்பது இரண்டாவது வழி. காற்றுக்குமிழிகளில் முட்டைகள் மெல்ல உருளும்படி வைக்க வேண்டும். வெள்ளையாகிப்போன முட்டையை உடனே அகற்றாவிட்டால் பூஞ்சை அடுத்ததற்கும் தாவும். பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாயமான மெத்திலீன் புளூ ஓரளவு காக்கும். வேலை அதிகம், ஆனால் எத்தனை முட்டை பிழைத்தது என்ற கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

நான் தந்தையின் பக்கம். முட்டைகளைத் தள்ளிவிடும் ஆண்களின் வாரிசுகளையே தலைமுறை தலைமுறையாகக் கையால் பொரித்துக்கொண்டிருந்தால், குட்டி காக்கும் குணம் எந்த ஆணிடம் மிஞ்சியிருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். அரிய மீனைக் காப்பது என்றால் அந்தக் குணத்தையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும்.

பொரித்த பிறகு என் கட்சி மாறும். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பை வற்றும் நேரத்தில் குஞ்சுகளைப் பெரிய தொட்டியில் விட்டால் தீனி அவற்றின் வாய்க்கு எட்டாது. அதே தொட்டி நீர் ஓடும் சிறு பெட்டியைத் தொங்கவிட்டு, அதில் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் கொடுப்பதே நல்லது. இது பாசியை நம்பி வாழும் பிளெக்கோ இல்லை. புலால் தீனி வேண்டும். மிச்சத்தை அன்றன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

தந்தை முட்டைகளை வெளியே தள்ளிவிட்டால் தயங்காமல் எடுத்துப் பொரியுங்கள். அதே ஆண் திரும்பத் திரும்பத் தள்ளினால், அடுத்த முறை குகையை வேறொரு ஆணுக்குக் கொடுங்கள்.