ரெனைசான்ஸ் மெழுகு: பாட்டாவின் கேப்புத் துப்பாக்கிக்கு இட்டுப் பார்த்த அனுபவம்

குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்தில் பாட்டா மரச்சீனி பயிரிட்டிருந்த நாட்களில், காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக இரண்டு கேப்புத் துப்பாக்கிகள் (குதிரை எனும் சுத்தி, கேப்பு எனும் சிறு வெடிமூடியை அடித்து மருந்தைப் பற்றவைக்கும் வகை) வைத்திருந்தார். இரண்டும் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு மாதிரியைச் சேர்ந்தவை: குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டிய, 39 அங்குலக் குழலும் அதன் உட்புறத்தில் சுழன்றோடும் மூன்று வரிப்பள்ளங்களும் கொண்ட படைத்துப்பாக்கிகள். பாகப்பிரிவினையில் ஒன்று அப்பா வழியாக என்னிடமும், மற்றொன்று சித்தப்பாவிடமும் வந்தன. இரண்டுக்கும் முறையான உரிமம் உண்டு. இந்த மதிப்புரை நான் வாங்கிய ஒரு சிறிய மெழுகு டப்பாவைப் பற்றியது என்றாலும், சித்தப்பாவின் துப்பாக்கிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் அதன் அருமையை விளக்க முடியாது.

சித்தப்பா தம்முடையதைப் புதுப்பிக்கக் கொடுத்தார். மாவட்டத்துக்கு வெளியே உள்ள, உரிமம் பெற்ற ஒரு பட்டறை அது, பெயர் வேண்டாம். திரும்பி வந்தபோது குழல் கண்ணாடிபோல் கறுத்து மின்னியது. கட்டையில் வார்னிஷ் பளபளத்தது. "இப்பதான் மக்கா இது துப்பாக்கி மாதிரி இருக்கு" என்று அவர் மகிழ்ந்தார். நான் குதிரை பொருந்தியிருக்கும் பூட்டுத் தகட்டை விளக்கருகே சாய்த்துப் பார்த்தேன். ஆங்கிலேயப் படைக்கல முத்திரையான கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் ஆண்டும் இருந்த இடத்தில், பாலிஷ் சக்கரம் ஓடியதில் விளிம்பு மழுங்கிய ஒரு தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. கட்டையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மரத்தை இரும்பைவிடத் தாழ்த்தியிருந்தார்கள். மூலநிலையில் மரம் இரும்பைவிட ஒரு மயிரளவு உயர்ந்து நிற்கும். சேகரிப்பாளர்கள் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். குழலுக்குக் கொடுத்த கறுப்பும் அக்காலத்துக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லத் துருவேற்றித் துருவேற்றிப் பெற்ற நிறத்துக்குப் பதிலாக, இருபதாம் நூற்றாண்டில் வந்த கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எடுத்திருந்தார்கள். (இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்தக் கரைசல் இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்றையே அரித்துவிடும்.)

உதயகிரிக் கோட்டைக்குள், டச்சுப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர்த் தளபதியான டி லனாயின் கல்லறையில் தமிழிலும் இலத்தீனிலும் எழுத்துகள் உள்ளன. தேய்ந்துவிட்டன என்று யாராவது அவற்றை உளியால் ஆழப்படுத்தினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? ஆனால் வீட்டில் இருக்கும் இரும்பு என்றதும் நமக்குக் கை துறுதுறுக்கிறது.

என் துப்பாக்கியின் பிரச்சினை வேறு. மலையடிவாரத்தில் நன்றாக இருந்தது, குளச்சலில் கடலோரமாக நாங்கள் வீடு மாறிய பிறகு கெடத் தொடங்கியது. இங்கே ஜன்னல் கம்பியே சில ஆண்டுகளில் பொரிந்து உதிரும். போதாக்குறைக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் மற்றொன்று. அப்பா ஆண்டுதோறும் தேங்காயெண்ணெய் தடவி வந்தார். அது காலப்போக்கில் கெட்டியாகிப் பிசினாக மாறித் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பும் கட்டையின் அடித்தகடும் பித்தளை என்பதால் அம்மா அவற்றைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியிட்டு விளக்கிவிடுவார். மரமும் பித்தளையும் சேரும் இடுக்கில் தங்கிய புளி பச்சைக் களிம்பாகப் பூத்திருந்தது. இவற்றோடு, ஒரு தேர்தலின்போது காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றபோது ரெக்சின் உறைக்குள் வியர்த்துக் குழலில் செந்துரு படர்ந்திருந்தது.

ரெனைசான்ஸ் மெழுகு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் அரும்பொருள்களுக்காக உருவாக்கப்பட்டது. கச்சா எண்ணெயிலிருந்து பெறும் நுண்படிக மெழுகை வைட் ஸ்பிரிட் எனும் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்த வெண்ணிறக் குழைவு அது. நான் வாங்கியது 65 மில்லி டப்பா. இறக்குமதி என்பதால் அளவைப் பார்த்தால் விலை உறுத்தும். ஆனால் விரல்நுனியில் ஒரு துளி எடுத்தால் முழங்கை நீளக் குழலுக்குப் போதும். இரண்டு முறை முழுத் துப்பாக்கிக்கும் பூசிய பிறகும் டப்பாவில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது.

மெழுகு துருவை நீக்காது. அந்த எதிர்பார்ப்போடு யாரும் வாங்க வேண்டாம். முதலில் மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு அடையாளமிட்டு, வெளியே வைத்து அளந்து, உள்ளே பழைய மருந்து இல்லை என்பதை உறுதி செய்தேன். பழைய பிசினை டர்ப்பன்டைன் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தேன். கறுத்து இறுகிய பழைய துருவைத் தொடவேயில்லை. அது இரும்பின் தோல்போல் ஆகிவிட்டது. விரலில் ஒட்டும் செந்துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து, கூர்சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டினேன். இந்த வேலைக்கு மட்டும் நான்கு மாலைகள் ஆயின. பிறகு முடி உலர்த்தும் கருவியால் குழலை இளஞ்சூடாக்கி, மெழுகை மெல்லப் பூசி, சில நிமிடங்களில் துணியால் தேய்த்தேன்.

மினுமினுப்பு வரவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லாமல், 1861 என்ற எண்ணின் கீழ்க்கோடுவரை தெளிவாகத் தெரிந்தது. ஒரு தென்மேற்குப் பருவமழையைக் கடந்த பிறகும் குழலின் வெளிப்புறத்தில் புதுத் துரு இல்லை. கைரேகையும் பதியவில்லை.

குறைகளும் உண்டு. பூசும்போது வைட் ஸ்பிரிட்டின் நெடி வீசும். ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. கட்டையின் வெடிப்புகளிலும் திருகுத்தலை வெட்டுகளிலும் மெழுகு அதிகமானால் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதை மென்தூரிகையால் எடுக்க வேண்டியிருந்தது. சுடப் பயன்படுத்தும் துப்பாக்கிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு எண்ணெய்தான் சரி.

சட்டம் குறித்து ஒரு சொல். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கே விலக்கு. 'பழசுதானே' என்று உரிமத்தை விட்டுவிடக் கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவருக்கும் அதே சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், தெரிந்த கொல்லரிடம் கொடுத்துக் குதிரையைச் சரிசெய்துகொள்வதும் ஆகாது. மெழுகு பூசுவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எஞ்சியிருப்பது குழலின் உட்புறம். மெழுகைத் துணியில் சுற்றிக் கம்பியால் தள்ளிப் பார்த்தேன். வாய்ப்பகுதியில் பிடித்தது, அடிப்பகுதிக்குச் சீராகச் சேரவில்லை. டார்ச் அடித்தால் மூன்று பள்ளங்களும் பாதித் தூரம்வரை தெரிகின்றன, அதற்கு அப்பால் செம்பழுப்பு. இப்போதைக்கு அங்கே மெல்லிய துப்பாக்கி எண்ணெயும், பெட்டிக்குள் நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும்தான்.