மூடியைத் திறக்காத கடையும் காதால் பார்த்த பெரியவரும்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் சிவப்புக் கூன்வண்டு குடைந்த தென்னைகளை அறுக்க வேண்டியிருந்தது. 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களுக்காக அண்ணன் வாங்கிய செயின்சா, பாதி வேலையில் கரும்புகை கக்கித் திணறியது.

டவுன் கடையில் புது பிளக் போட்டார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பிறகு முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் எச் திருகை உள்ளே முடுக்கிப் பெட்ரோலைக் குறைத்து, புகை நின்றதும் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஏர் ஃபில்டர் மூடியில் ஒருவரும் கை வைக்கவில்லை! எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஃபில்டர் அடைத்தால் காற்று குறைகிறது. பழைய வகைக் கார்பரேட்டரில் பெட்ரோல் அதே கணக்கில் இறங்குகிறது; சரியாக எரியாமல் மிஞ்சுவதுதான் கரும்புகை. காற்று வழியை அடைக்கும் சோக்கை அரைகுறையாக மூடி ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். அதற்காகத் திருகை முடுக்கிவிட்டால், பின்னால் யாராவது ஃபில்டரைச் சுத்தம் செய்த அன்று காற்று தாராளமாக வரும், பெட்ரோல் போதாது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதானே போகிறது? பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

கனடாவின் ஒன்டாரியோவில் நான் விறகு அறுக்கும் மெஷினில் கார்பரேட்டரின் டயாஃப்ரம், அதாவது பெட்ரோலை அளந்து விடும் மெல்லிய சவ்வு, வெளிக்காற்றை நம்பி இயங்குவதில்லை. ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றின் அழுத்தத்தைப் பார்த்தே பெட்ரோலை விடுகிறது. அடைப்பு கூடினால் பெட்ரோலும் கூடவே குறையும். வேகம் தளரும், கரும்புகை வராது. அங்கே பழுதுக்குக் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் விற்கும்போதே ஃபில்டரைக் கழற்றிக் காட்டித்தான் கையில் கொடுத்தார்கள்.

மனம் கேட்காமல், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆயில் என்ஜின் பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துப்போனோம். அவர் முதலில் திறந்ததே அந்த மூடியைத்தான். தென்னந்தூள் ஆயில் ஈரத்தில் குழைந்து, வலைமேல் அடைபோல அப்பியிருந்தது. "இது மூச்சு விட்டு எவ்வளவு நாளாச்சோ தம்பி" என்றார். சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடித்து, நன்றாகக் காயும்வரை மெஷினைத் தொட விடவில்லை.

பிறகு திருகைக் காதால் சரிசெய்தார். சும்மா முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் லேசாகத் தடுமாற வேண்டும்; மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். பட்டறையில் கிடந்த கட்டையை அறுத்துக் காட்டினார். சின்ன வயதில் எங்கள் பம்புசெட்டைச் சத்தத்தை வைத்தே சரிபார்த்தவர்களின் காது இது. மீட்டரை மாட்டிப் பார்க்கும் ஊரில் இருந்து வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூலி என்று அவர் கேட்டது டவுன் கடை போட்ட பிளக்கின் விலைகூட இல்லை.

சங்கிலியையும் தீட்டச் சொன்னார். மழுங்கிய பல் மாவாக அரைக்கும், அந்த மாவுதான் ஃபில்டரை அடைக்கிறதாம். அரத்தை அண்ணன் அன்றே வாங்கிவிட்டார்.