அம்பாசடர் கதவில் ஒழுகல்: சிலிகானா, புது பீடிங்கா, உள் ஷீட்டா?

அப்பச்சி வாங்கிய அம்பாசடர் இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. 2014-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. ஐப்பசி மழை பிடித்தால் முன்பக்கக் கால்மிதி மேட்டைத் தூக்கிப் பிழியலாம், அவ்வளவு ஈரம். காரைக்குடியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கதவோர ரப்பரில் சிலிகான் பூசுவது, அந்த ரப்பரையே, அதாவது பீடிங்கை, மாற்றுவது, கதவின் உட்பலகைக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை மாற்றுவது, மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

சிலிகான் மலிவு, ஒரு சாயங்கால வேலை. ஆனால் வெயிலில் விறைத்த ரப்பர் மேல் பூசினால், கதவைத் திறந்து மூடுகிற இழுப்பிலேயே உரிந்து வந்துவிடும். காடி வாடை அடிக்கிற வகை காயும்போது அமிலம் விடும். பெயின்ட் போன தகட்டில் அது துருவைக் கிளப்பும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புது பீடிங் நல்ல வேலைதான், அளவு சரியாக இருந்தால். மீட்டர் கணக்கில் கிடைப்பது விலை குறைவு. ஆனால் தடிமன் கூடினால் கதவை ஓங்கி அறைய வேண்டும், குறைந்தால் சட்டத்தைத் தொடவே தொடாது. பழைய பீடிங்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டியபின் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. அதற்கும் முன்னால், திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. தொங்குகிற கதவுக்கு எந்த பீடிங்கும் சேராது.

எனக்கு பீடிங் மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. பட்டறைக்காரர்தான், “அண்ணே, தண்ணி கதவுக்குள்ள போறது தப்பில்ல. வெளிய போகணும், அதான் விஷயம்” என்றார். நம் வீட்டு முற்றம் மாதிரிதான். நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழை உள்ளேதான் விழுகிறது, மடை திறந்திருக்கிற வரை வளவுக்குள் ஈரம் ஏறாது. கதவிலும் கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் உள்ள சின்ன ஓட்டைகளில் வடிந்துவிட வேண்டும்.

சைக்கிள் போக்ஸ் கம்பியை அந்த ஓட்டையில் விட்டுக் குடைந்தார். செம்மண் கட்டி உதிர்ந்தது, பின்னாலேயே டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கதவின் உட்பலகையைக் கழற்றினால், ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் உள் ஷீட்டைக் கிழித்துவிட்டுப் போயிருக்கிறார். கனமான பாலிதீன் வெட்டி, இறுகிப்போகாத பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டினோம். கீழ் விளிம்பு கதவின் உட்குழிக்குள் மடங்கி இறங்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழிவது ஓட்டைக்குப் போகும், மேட்டுக்கு வராது. அப்புறம் பெய்த மழையில் மேட் காய்ந்தே கிடந்தது.

உங்கள் வண்டியில் எது என்று தெரிய, ஒருவர் உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் ஹோஸைக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுபோகட்டும். கதவுச் சட்ட ஓரத்தில் சொட்டினால் பீடிங். பலகையின் அடி நனைந்தால் ஓட்டையும் ஷீட்டும். என் கணக்கில் ஓட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதற்குக் காசே வேண்டாம். டிங்கரிங் முடிந்து பெயின்ட் அடித்து வாங்கும்போதும் குனிந்து பாருங்கள். பள்ளம் நிரப்புகிற பட்டியும் பெயின்டும் அந்த ஓட்டையை அடைத்திருக்கும்.