பேட்டிங் டீ: சில சீசன் பயன்படுத்திய பிறகு

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் லிட்டில் லீக் என்ற சிறுவர் அமைப்பில் பேஸ்பால் ஆடுகிறான், மகள் அதே மாதிரி, ஆனால் பெரிய பந்தில் ஆடும் சாப்ட்பால். இருவருக்கும் வீட்டில் ஸ்விங் பழக்க வாங்கிப்போட்ட சாமான்களில் இன்னும் புழக்கத்தில் இருப்பது ஒன்றுதான்: அடிப்பாகம் கனமான, ரப்பர் தலை வைத்த சாதாரண பேட்டிங் டீ, அதாவது பந்தை உச்சியில் வைத்து அடித்துப் பழகும் கம்பம். கூடவே ஒரு மடக்கு நெட். டீ என்றாலே ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். மேஜர் லீக் தொழில்முறை ஆட்டக்காரர்களே இன்றும் இதை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள்.

டீ வாங்குவது சுலபம், அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலோர் பிள்ளையின் தொப்புளுக்கு நேராக வைத்துவிடுகிறார்கள். அங்கே அடித்துப் பழகிய பிள்ளை நிஜப் பந்தையும் தாமதமாகத்தான் தொடும். நடுவில் வரும் பந்துக்கு, முன்காலை எடுத்து வைத்த பிறகு அந்தக் காலுக்கு நேராக டீ இருக்க வேண்டும். உடம்பை ஒட்டி வரும் பந்துக்கு இன்னும் சற்று முன்னே, வெளிப்பக்கப் பந்துக்குச் சற்றுப் பின்னே. அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் வெறும் 17 அங்குலம், ஆனாலும் இந்த மூன்று இடங்களுக்கும் ஸ்விங் வேறு வேறு. கையை முதலிலேயே அகல வீசினால், உள்பக்கப் பந்து பேட்டின் கைப்பிடிப் பக்கம் பட்டு உள்ளங்கை விண்ணென்று தெறிக்கும். "இடுப்பை முதலில் திருப்பு, கை பின்னால் வரட்டும்" என்று நான் தொண்டை கிழியச் சொன்னதைவிட அந்த வலி வேகமாக வேலை செய்தது.

உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். சில கோச்கள் பந்தை மேலிருந்து கீழாக வெட்டச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்து வீசுபவர் (பிட்சர்) மேட்டிலிருந்து வீசும் பந்து இறங்கித்தான் வருகிறது, பேட் லேசாக ஏறிப் போனால்தான் அதன் பாதையில் நிற்கும். பழைய பேஸ்பால் ஜாம்பவான் டெட் வில்லியம்ஸ் அந்தக் காலத்திலேயே சொன்னது இது. பின்காலைத் தரையில் அழுத்தித் திருகச் சொல்லும் "பின்காலால் பூச்சியை நசுக்கு" என்ற பழைய அறிவுரையிலும் எனக்கு உடன்பாடில்லை. பெரிய ஆட்டக்காரர்களை ஸ்லோ மோஷனில் பாருங்கள், பந்து படும் நேரத்தில் பின்கால் நுனிவிரலில் நிற்கும், சிலருக்குத் தரையை விட்டே எழும்பியிருக்கும்.

கைகளை உடம்போடு எலாஸ்டிக் பட்டையால் கட்டும் கருவி ஒன்றும் வாங்கினோம். பட்டை இருக்கும்வரை ஸ்விங் அழகாக இருந்தது, கழற்றியதும் பழைய குருடி கதவைத் திறடி. காசு தண்டம்.

டீயால் ஆகாத காரியம் டைமிங். சாப்ட்பாலில் பந்து இடுப்பருகிலிருந்து வருகிறது, சின்னப் பெண்களுக்கு 35 அடி தூரத்திலிருந்து, அடுத்த பிரிவில் 40 அடியிலிருந்து. மகனுக்கு 46 அடி, பந்து மேலிருந்து வரும். ஆகவே டீயில் கொஞ்ச நேரம் அடித்த பிறகு, தடுப்பு நெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கீழ்க்கையால் நான் போட்டுத் தருகிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் பலன் தெரிகிறது.

இன்னொன்று, பேட். வளரும் பிள்ளை என்று செருப்பை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது போல இதையும் வாங்காதீர்கள். கனமான பேட் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் கொஞ்ச நேரமாவது நடுங்காமல் நிற்க வேண்டும். லிட்டில் லீக் பேஸ்பாலில் 2018 முதல், மரத்தால் செய்யாத பேட் என்றால் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருப்பதுதான் செல்லும். சாப்ட்பால் பேட் வேறு, அண்ணனுடையதைத் தங்கைக்குக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

டீயைப் பற்றி ஒரே குறை, ரப்பர் தலை நாளடைவில் கிழிகிறது, குளிர்காலத்தில் கராஜிலேயே விட்டால் இன்னும் சீக்கிரம். தலையை மட்டும் தனியாக மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். முழு பிளாஸ்டிக் டீ வேண்டாம், ஒவ்வொரு அடிக்கும் விழுந்து, எடுத்து நிறுத்துவதிலேயே பயிற்சி நேரம் போய்விடும்.