டைரி, வாட்ஸ்அப், நேர்ச்சந்திப்பு, கடிதம்: ஆசிரியரிடம் எதை எந்த வழியில் சொல்வது?

என் மகள் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், காலாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாளில் ஒரு கூட்டல் பிழை இருந்தது. உள்ளே போட்டிருந்த மதிப்பெண்களைக் கூட்டினால் 73 வந்தது. முதல் பக்கத்தில் 65 என்று எழுதியிருந்தார்கள். நான் தாளைப் படமெடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டு, "டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். சொல்லில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அரை மணி நேரத்துக்குள் மேலும் ஐந்து பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் தாள்களை இட்டார்கள். ஒருவர் அந்த ஆசிரியையின் தகுதியைப் பற்றியே எழுதிவிட்டார். மதிப்பெண் மறுநாளே திருத்தப்பட்டது. அதற்காக அந்த ஆசிரியை வகுப்புப் பெற்றோர் அத்தனை பேர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. என் மகளோ இரண்டு வாரம் கணக்கு வகுப்பில் கையே தூக்கவில்லை. இதே பிழையை டைரியில் இரண்டு வரியாக எழுதி அனுப்பியிருந்தாலும் அந்த எட்டு மதிப்பெண் வந்திருக்கும்.

அன்று முதல், பள்ளியிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இதை வேறு யாரெல்லாம் கேட்பார்கள்? ஆறு மாதம் கழித்து இது எங்கே இருக்கும்? பெற்றோர் கையில் இருக்கும் வழிகளை இந்த இரண்டையும் கொண்டுதான் கீழே ஒப்பிடுகிறேன்.

டைரியும் வாட்ஸ்அப்பும்

காய்ச்சலால் வரவில்லை, வீட்டுப்பாடத்தில் இந்தக் கணக்கு புரியவில்லை, கண்ணாடி போட்டிருப்பதால் முன் வரிசையில் அமர வைக்க முடியுமா என்பன போன்ற அன்றாடச் செய்திகளுக்கு டைரிக்கு இணையான வழி இல்லை. வகுப்பாசிரியர் அதைத் தமது வேலை நேரத்தில், தம் மேசையில் வைத்துப் பார்க்கிறார்; பார்த்ததற்கு அடையாளமாகக் கையொப்பமும் இடுகிறார். டைரி இல்லாத பள்ளியில் வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கமோ தனித்தாளோ அந்த வேலையைச் செய்யும். இதன் குறை, அதைச் சுமந்து செல்பவர் குழந்தையே என்பதுதான். குழந்தை படிக்கும், பக்கத்தில் இருப்பவர்களும் படிப்பார்கள், வேண்டாத பக்கம் கிழிந்தும் போகலாம். ஆகவே குழந்தையின் குறை, ஆசிரியரின் குறை, வீட்டுச் சங்கடம் ஆகிய எதையும் டைரியில் எழுதக் கூடாது.

வாட்ஸ்அப் தனிச்செய்தி உரியவர் கைக்கே போய்ச் சேர்கிறது, அவசரத்துக்கு ஏற்றது. ஆனால் அது போய்ச் சேரும் இடம் பள்ளியின் மேசை அன்று, ஆசிரியரின் வீடு. ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ 200 குழந்தைகள் இருப்பார்கள். அவர்களில் பத்தில் ஒரு பங்குப் பெற்றோர் இரவு ஒன்பது மணிக்குச் செய்தி அனுப்பினாலும், அவர் தம் பிள்ளைக்குச் சோறு போடும் நேரத்தில் 20 பேருக்குப் பதில் எழுத வேண்டும். நீல நிறக் குறி விழுந்த பிறகும் பதில் வரவில்லையே என்று கோபப்படுவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. அனுப்பியே ஆக வேண்டுமானால், "வணக்கம் டீச்சர், 7 ஆ பிரிவு கவினின் அம்மா எழுதுகிறேன்" என்று தொடங்குவது நல்லது. நம் எண்ணை அவர் சேமித்து வைத்திருப்பார் என்று எண்ணிக்கொள்வதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். ஒரே வகுப்பில் இரண்டு கவின்கள் இருப்பது இன்று அரிதும் அன்று. குரல் பதிவைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியர் அறையில் அதைச் சத்தமாக வைத்துக் கேட்கும்படி ஆகலாம்.

வகுப்புக் குழுவை நான் வேறாகவே கருதுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றிப் பெருகிய குழுக்கள், பள்ளிகள் திறந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டன. நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய வசதி 2018 முதலே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பள்ளிகள் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒருசேர நன்மை செய்கின்றன. அந்த வசதியைப் பயன்படுத்தாத குழுவில், ஆசிரியர் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முப்பது பேர் "நன்றி மிஸ்" என்று எழுதினால் தேர்வு அட்டவணை மேலே போய் மறைந்துவிடும். ஒரு குழந்தையின் பெயர், மதிப்பெண், தண்டனை, கட்டண நிலுவை ஆகியவை எவ்வளவு பணிவான மொழியில் சொல்லப்பட்டாலும் அங்கே வரக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு பள்ளிக்கும் பொருந்தும். கட்டணம் செலுத்தாதவர்களின் பட்டியலைக் குழுவில் இடும் நிர்வாகம் பெற்றோரிடம் மரியாதையை எதிர்பார்க்க இயலாது.

தொலைபேசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குழந்தைக்கு உடல்நலம் கெட்டது, வேன் வரவில்லை, வேறொருவர் அழைத்துப் போக வருகிறார் என்பவற்றுக்குப் பள்ளி அலுவலக எண்ணையே அழைக்க வேண்டும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியரின் கைப்பேசி அதற்கு உரியது அன்று.

நேரில் செல்வதும் கடிதம் எழுதுவதும்

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான் வருகிறது. நம் பெற்றோரில் பலர் கடிதம் எழுதுவதைப் பகையின் தொடக்கமாகக் கருதுகிறார்கள். நேரில் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் முடிந்தது என்கிறார்கள். வேறு சிலர் நேரில் பேச அஞ்சி, பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எந்தச் செய்தி நமக்கு முழுவதுமாகத் தெரியும், எது பாதிதான் தெரியும் என்பதை வைத்து இதை முடிவு செய்யலாம் என்பது என் கருத்து.

"மிஸ் என்னை மட்டும் திட்டினாங்க" என்று குழந்தை சொல்வது பாதி தெரிந்த செய்தி. மீதிப் பாதி ஆசிரியரிடம் இருக்கிறது. அதைக் கேட்கக் கடிதம் உதவாது, நேரில்தான் போக வேண்டும். அங்கே முதல் வாக்கியமே பேச்சின் போக்கை முடிவு செய்துவிடும். "ஏன் என் பிள்ளையைத் திட்டினீர்கள்?" என்று தொடங்கினால் ஆசிரியர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். "இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரத் தயங்குகிறான், வகுப்பில் ஏதாவது நடந்ததா என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்று தொடங்கினால், அவர் கண்டதையும் நாம் கண்டதையும் சேர்த்துப் பார்க்க இடம் கிடைக்கும். காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் வேளையில் வாசலில் நிறுத்திப் பேசுவதும், பெற்றோர் கூட்ட நாளில் பின்னால் பதினைந்து பேர் காத்திருக்கையில் இப்படிப்பட்ட பேச்சைத் தொடங்குவதும் சரியல்ல. முன்னதாகவே நேரம் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதில் கூச்சம் தேவையில்லை. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோரை முறையாகச் சந்தித்துத் தெரிவிப்பதை, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. தொடக்க வகுப்புக் குழந்தையாக இருந்தால் அந்த உரையாடலில் குழந்தை இருக்க வேண்டாம். உயர்நிலை வகுப்பு மாணவரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவதுதான் தவறு.

கட்டணம், மாற்றுச் சான்றிதழ், பிரிவு மாற்றம், பெயர் அல்லது பிறந்த தேதித் திருத்தம், ஏற்கெனவே பேசியும் தீராத குறை ஆகியவை வேறு வகை. இவற்றில் பேச்சு காற்றோடு போய்விடும். தலைமை ஆசிரியர் மாறினால், முதல்வர் மாறினால், முன்பு கொடுத்த வாக்கும் அவரோடு போய்விடும். இங்கே கடிதம்தான் சரியானது. பழைய வடிவமே போதும்: அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு நடந்தது, பிறகு வேண்டுகோள். ஒரு கடிதத்தில் ஒரு பொருள் மட்டும் இருக்க வேண்டும். "தங்கள் பள்ளி எங்களைத் தொடர்ந்து அலைக்கழிக்கிறது" என்பதற்குப் பதிலாக, "ஜூன் 10, ஜூன் 17 ஆகிய நாட்களில் அலுவலகத்துக்கு வந்தேன், சான்றிதழ் கிடைக்கவில்லை, எந்த நாளில் கிடைக்கும் என்று தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்" என்று எழுதினால், பதில் சொல்லாமல் இருப்பது கடினம். இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழைக் கட்டண நிலுவையை வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அத்தகைய நிலையில் உள்ள பெற்றோர் வாய்ச்சண்டையில் இறங்கத் தேவையே இல்லை; தேதியிட்ட ஒரு கடிதம் போதும்.

நான் கண்டவரை மிகச் சிறந்தது இரண்டையும் இணைப்பதுதான்: முதலில் நேரில் பேசிவிட்டு, மறுநாள் "நேற்றுப் பேசியபடி" என்று தொடங்கும் நான்கு வரிக் கடிதத்தைக் கொடுப்பது. அதைப் பகையாக எடுத்துக்கொண்ட ஆசிரியரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

முதலில் யாரிடம்?

வகுப்பில் நடந்ததை வகுப்பாசிரியரிடமோ பாட ஆசிரியரிடமோ கேட்காமல் நேரே தலைமை ஆசிரியரிடமோ தாளாளரிடமோ போவது விரைவான வழியாகத் தெரிகிறது. உண்மையில் அதுதான் நீண்ட வழி. தலைமை ஆசிரியர் அந்த ஆசிரியரை அழைத்துக் கேட்பார். அப்போது நம் கேள்வி ஆசிரியருக்கு மேலதிகாரியின் விசாரணையாகப் போய்ச் சேரும். பதிலும் அதற்கேற்ற எச்சரிக்கையோடுதான் வரும். ஆகவே ஆசிரியர், அடுத்துத் தலைமை ஆசிரியர் என்ற வரிசையையே நான் பின்பற்றுவேன். அதற்கு மேல், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை போன்ற பொதுக் குறைகளைத் தனி ஒருவராகத் தலைமை ஆசிரியரிடம் கொண்டு செல்வதைவிட, இந்தக் குழுவின் தீர்மானமாகக் கொண்டு செல்வது பலமானது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் அந்தக் குழு கட்டாயமில்லை. அங்கே முதல்வருக்குப் பிறகு மாவட்டக் கல்வி அலுவலர் அல்லது முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் உண்டு.

இந்த வரிசை அறவே பொருந்தாத இடம் ஒன்று உள்ளது. அடித்தலும் மன உளைச்சல் தருதலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடை செய்யப்பட்டவை. அங்கே தலைமை ஆசிரியரிடம் அன்றே நேரிலும் எழுத்திலும் சொல்ல வேண்டும். பாலியல் அத்துமீறலாக இருந்தால் பள்ளிக்குள் பேசித் தீர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அல்லது காவல்துறைதான் முதல் படி. அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைக்கும் பள்ளிப் பொறுப்பாளரை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தண்டிக்கிறது. எந்தக் குழுவிலும், எந்த ஆதரவின் பெயராலும், அந்தக் குழந்தையின் பெயர் வரக் கூடாது.

இவ்வளவும் எழுதப் படிக்கத் தெரிந்த, அரை நாள் அனுமதி எடுக்க முடிந்த பெற்றோரை மனத்தில் வைத்துச் சொன்னவை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பும் கூலித் தொழிலாளிக்கு, பதினொரு மணிக்குப் பள்ளிக்கு வருவது என்பது ஒரு நாள் கூலியை விடுவது. அவருக்குக் கடிதமும் எளிதன்று, நேர்ச்சந்திப்பும் எளிதன்று. அப்படிப்பட்ட தாய் மதிய இடைவேளையில் தொலைபேசியில் சொன்னதை, ஒரு தலைமை ஆசிரியை தம் கையால் தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, "இப்படித்தானே சொன்னீர்கள் அம்மா?" என்று கேட்டு, மறுநாள் மாலையில் பிள்ளையை அழைத்துப் போக அவர் வந்தபோது கைநாட்டு வாங்கிக் கோப்பில் வைத்ததைக் கண்டிருக்கிறேன். அவரை நாற்காலியில் அமர வைத்த பிறகே அந்தத் தாளை எடுத்தார்.